விலை கேட்டவள்

அன்புள்ள அப்பாவுக்கு, தோஹாவிலிருந்து டெபோரா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படியிருக்கிறது? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் பேக்கரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தினமும் வேத வசனமும் துக்க அறிவிப்பும் போடுகிறீர்கள். கேக் எங்கே? நேற்று ஒருத்தி பிளம் கேக் விலை கேட்டாள். "இங்கன சொல்ல முடியாது, கடைக்கு வாங்க" என்றீர்கள். வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னாள். "வாங்குத ஆளு மாதிரி தெரியலையே" என்று எழுதி, அவளை பிளாக் செய்துவிட்டீர்கள்.

அது நான்தான் அப்பா, பழையதைத் திறக்க முடியாமல் நான் தொடங்கிய புதுக் கணக்கு. பாளையங்கோட்டையிலுள்ள அவரவர் வீடுகளுக்கு கேக் அனுப்ப நினைத்து, என்னோடு வேலை செய்யும் ஆறு நர்ஸ்கள் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வீடுகளிலிருந்து யாராவது கடைக்கு வந்தால், ரஸ்காவது கொடுத்துவிடுங்கள். டூட்டிக்கு நேரமாகிறது. நீங்கள் போடும் படத்தில், வசனத்துக்குப் பின்னால் நம் கடை அலமாரி கொஞ்சம் தெரியும். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். நீங்கள் பிளாக் செய்துவிட்டதால், இன்று பார்க்காமல் போகிறேன்.

டெபோரா