எனக்கு முன்னால் என் பெயரில் ஒருவன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அத்தை மூவரும் அவரவர் மாத்திரை டப்பாவோடு சௌகரியமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் மாத்திரை இல்லாமலே சௌகரியமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் மூவரின் வேண்டுதலும். ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பக்கத்து அறையில் அத்தை இருப்பாள், நான் ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும் என்று உனக்கே தெரியும், பஸ் பணிமனையில் டயர் பிரிவில் காலம் பூராவும் கத்திப் பேசிப் பழகிய தொண்டை இது. அதோடு இந்த விஷயத்தை நிறுத்தி நிதானமாக எழுதினால்தான் எனக்கே பிடிபடும்போல இருக்கிறது. பத்தாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

எல்லாம் நீ கேட்ட வம்ச மரத்தில்தான் ஆரம்பித்தது. பேரனின் பள்ளிக்கூடத்தில் வரைந்து வரச் சொன்னார்கள், மாப்பிள்ளை பக்கம் கொப்பும் கிளையுமாகத் தழைத்து நிற்கிறது, நம் பக்கம் தாத்தாவோடு மொட்டையாக நிற்கிறது என்று நீ சிரித்தாயே, நானும் சிரித்தேன், ஆனால் போனை வைத்த பிறகு சுருக்கென்று இருந்தது. என் அப்பா தையற்காரர் என்பது உனக்குத் தெரியும். அவருடைய அப்பா யார், என்ன செய்தார் என்று கேட்டால் வாயில் குண்டூசி இருக்கிறது, பேச முடியாது என்று கையைக் காட்டிவிடுவார். குண்டூசி இல்லாதபோதும் அப்படித்தான் காட்டுவார். சரி, வீட்டில் சும்மா உட்கார்ந்து உன் அம்மாவிடம் பேச்சு வாங்குவதற்குப் பதில் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் நிற்கலாம் என்று கிளம்பினேன். பிறப்பு இறப்புப் பிரிவு மாடியில் இருக்கிறது, பிறக்கவும் இறக்கவும் படியேற வேண்டியிருக்கிறது. அங்கே கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு மேஜை பூராவும் அதைத் தேடுகிற ஒரு குமாஸ்தா. நல்ல மனிதர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகலாம், முதலில் உங்களைப் பார்ப்போம், அப்புறம் உங்கள் அப்பா, அப்புறம் தாத்தா என்றார். என் அப்பா பெயரையும் தெருவையும் தட்டினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு, “ஐயா, தப்பா நினைக்காதீங்க, நீங்க தவறிப்போய் ரொம்ப வருஷம் ஆகுதே” என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியம்மா, “அப்ப கொஞ்சம் வழியை விடுங்க, உயிரோட இருக்கறவங்க நிக்கறோம்” என்றாள். வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன். என் பெயர், என் அப்பா பெயர், அதே தெரு, நான் பிறந்ததாகப் பதிந்திருக்கும் அதே தேதி, இறக்கும்போது வயது ஒன்றரை. யாரோ கைதவறி உயிரோடு இருப்பவரை எழுதிவிட்டார்கள்போல, மனு கொடுத்தால் நீக்கிவிடலாம் என்றார் குமாஸ்தா. நான் அந்தத் தாளின் நகலை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இன்று வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒரு சரக்கு கிடைத்தது என்று பஸ் ஏறினேன்.

உன் அம்மா நன்றாகச் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தவரைத்தான் என் தலையில் கட்டினார்களா, அதுதான் ஒரு வேலைக்கும் அசைவதில்லை என்றாள். அத்தை என் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள், தையற்காரர் மகள் அல்லவா, அந்த வேலையை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சட்டையை மடித்து வைத்தாள். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. வயிறு சரியில்லை என்று நினைத்தோம். மறுநாள் உன் அம்மா கடைத்தெருவுக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கேட்டாள். எழுத்தில் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். “இது தப்பு இல்லடா. இது அவன்” என்றாள்.

எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, ஒன்றரை வயதில் போய்விட்டான். அடுத்த வருடம் நான் பிறந்தேன். போனவன்தான் திரும்பி வந்திருக்கிறான் என்று என் அம்மா அதே பெயரை எனக்கு வைத்துவிட்டாள், அவனைப் பற்றி இனி வீட்டில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். துண்டுத் துணியைக்கூட வீணாக்காத மனுஷன் என் அப்பா, பெயர் ஒன்றாகிவிட்ட பிறகு சான்றிதழை மட்டும் வீணாக்குவாரா, இன்னொரு முறை படியேறி எதற்குப் பதிய வேண்டும் என்று அவனுடைய தாளையே காட்டி என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஆக, நான் பிறந்ததற்கு உலகத்தில் எங்கேயும் ஒரு எழுத்து கிடையாது. ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னைக் குட்டையன் என்று கூப்பிடுவார், பெஞ்சில் உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடாது. மந்தமான பிள்ளை என்றும் சொல்வார். என்னைவிட இரண்டு வயதுக்கு மேல் பெரிய பிள்ளைகளோடு உட்கார வைத்தால் மந்தமாக இல்லாமல் என்ன செய்வேன். பணிமனையில் மாலை போட்டு வழியனுப்பியதும் அவனுடைய வயதுக்குத்தான். இதையெல்லாம் சொல்லி அத்தையைச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

இனி எழுதப்போவதைத்தான் போனில் சொல்ல முடியாது என்றேன். அத்தைக்கு அப்போது ஏழு வயது. தம்பியை வெளியே தூக்கிப் போகாதே, மழை வருகிறது என்று சொல்லிவிட்டு என் அம்மா எங்கோ போயிருக்கிறாள். மழை கொட்டியிருக்கிறது. அத்தை அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய், மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் கதவு தட்டிக் கூப்பிட்டு, எல்லோருமாக ஓடுகிற தண்ணீரில் ஆடியிருக்கிறார்கள். அவனுக்கு அப்படியொரு சிரிப்பாம், தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தானாம். மறுநாள் வாந்தி, உடம்பு கொதித்தது, அதற்கு அடுத்த நாள் கண் திறக்கவில்லை. ஆடின பிள்ளைகளில் இன்னும் சிலரும் அந்த வாரத்திலேயே போய்விட்டார்கள். என் அம்மா அவளை அடிக்கவில்லை. மழையில் எதற்குடி தூக்கிக்கொண்டு போனாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டாளாம், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அம்மா செத்துப்போகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அத்தை இத்தனை வருடமாக அவனை மட்டுமல்ல, அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கல்யாணம் வேண்டவே வேண்டாம் என்று நின்றாளே, மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நீ போன தடவை வந்தபோது, அத்தை நம் பையனை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை, அப்படி என்ன வெறுப்பு என்று அம்மாவிடம் குறைப்பட்டாய். அது வெறுப்பு இல்லை என்று இப்போது உனக்கே புரியும்.

மழையில் நனைந்தால் யாரும் சாக மாட்டார்கள் அக்கா என்று சொன்னேன். நீ டாக்டரா என்றாள். அது நியாயமான கேள்வி. மறுபடி நெற்றிக்கண்ணாடிக்காரரிடம் போனேன். கம்ப்யூட்டரில் பெயரும் தேதியும்தான் ஏற்றியிருக்கிறது, எதனால் இறந்தார் என்பது பழைய பதிவேட்டில் இருக்கும், அந்தக் காலத்துப் பதிவேடெல்லாம் தலைநகரில் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டது என்றார். அத்தையிடம் கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். காப்பகம் பெரிய கட்டடம், உள்ளே மருந்து வாடை. பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள், ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நீள மேஜையில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு கல்லூரிப் பெண் முகமூடி போட்டுக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். நான் தும்மினேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தூசியால்தான் தும்மினேன், ஆனால் உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது. அதில் சளி என்றோ குளிர்காய்ச்சல் என்றோ எழுதியிருந்தால் என்ன செய்வது. வேறு ஏதாவது நோயின் பெயரைச் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன், ஆனால் நான் பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும், அது அத்தைக்குத் தெரியாதா. பார்க்காமலே எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா பதிவேட்டைக் கொண்டுவந்து ஒரு தலையணைமேல் வைத்துவிட்டுப் போனாள். கைக்குழந்தையைப் படுக்க வைப்பதுபோலத்தான் வைத்தாள்.

அவன் இருந்தான். என் பெயர்தான், ஆனால் இந்தத் தடவை அது என் பெயராகத் தெரியவில்லை. காரணம் என்ற இடத்தில் வாந்திபேதி என்று இருந்தது. அவனுக்கு மேலேயும் கீழேயும் நம் தெரு வீடுகள், ஏறக்குறைய எல்லாம் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் அதே காரணம். ஓரத்தில் சுகாதார ஆய்வாளர் சிவப்பு மையில், குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கிறது, தெருக்குழாய் மூடப்பட்டது என்று குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் என் அப்பாவின் கையெழுத்து. நூல் பிடித்தாற்போல எழுதுகிறவர், அதில் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது. அந்தப் பக்கம் முழுவதையும் பென்சிலால் எழுதிக்கொண்டேன். எதிரே இருந்த பெண் முகமூடியைக் கழற்றி, தாத்தா, தண்ணி வேணுமா என்று கேட்டாள். வேண்டாம்மா, தூசி என்றேன்.

வந்து அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். குழாய் விஷயத்தைச் சொன்னதும் அழுது தீர்த்துவிடுவாள், பாரம் இறங்கிவிடும் என்று நினைத்த நான் ஒரு முட்டாள். அவள் கேட்டுவிட்டு, குழாயும் உடைஞ்சிருக்கும், மழையில ஓடின தண்ணியும் சாக்கடைதானே, அதைத்தானே நாங்க கையில அள்ளி அடிச்சோம் என்றாள். வேறு வழி தெரியாமல் அந்தப் பக்கத்தை மேலேயிருந்து ஒவ்வொரு வீடாக வாசித்துக்கொண்டே போனேன், அவளும் ஒவ்வொரு பிள்ளையாக, இது மாவு மில்காரர் மகள், இது இரட்டையில சின்னவன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லோரையும் ஞாபகம் வைத்திருக்கிறாள் அம்மாடி, ஒருவரையும் விடவில்லை. பக்கத்தின் முதல் வரி பிள்ளை இல்லை என்பதால் அதை விட்டுவிட்டேன், கடைசியில்தான் அதையும் வாசித்தேன். கோடி வீட்டுக் கடிகாரக்காரர், வயது எழுபதுக்கு மேல், காரணம் அதே வாந்திபேதி. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதைத் திரும்பப் படி என்றாள். படித்தேன். அவர் நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்தவராம். “அவர் சாவுக்குப் பெரியவங்க எல்லாம் போனப்பதான்டா நாங்க மழையில ஆடினோம்” என்றாள். என் கையிலிருந்த தாளை வாங்கி அந்த வரியில் விரலை வைத்து, “அப்ப அது முன்னாடியே வந்துடுச்சு. தெருவுக்குள்ள முன்னாடியே இருந்திருக்கு” என்றாள். ஆமாம் என்றேன். அவள் அழவில்லை. அம்மாவுக்கும் இது தெரிஞ்சிருக்கும்ல, குழாயை வந்து மூடினாங்கல்ல என்று கேட்டாள். தெரிந்திருக்காது அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன், என் காதைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன். அதற்கு மட்டும் எந்தக் காப்பகத்திலும் பதில் கிடைக்காது.

என் தாத்தாவை எழுத மறந்துவிட்டேன் பார். அதே காப்பகத்தில் பழைய வரிப் பட்டியலில் அவர் கிடைத்தார், கூடாரம் தைக்கிறவராம், அவருடைய அப்பாவும் அதே தொழில். ஊசி நூலில் பிழைத்த வம்சத்தில் நான் ஒருவன்தான் டயருக்குப் போனவன். அவர்கள் பெயரையெல்லாம் தனித்தாளில் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் இனி நம் மரமும் கொஞ்சம் நிழல் தரும். என்னுடைய சான்றிதழைத் திருத்தப்போவதில்லை. குமாஸ்தாவிடம் பதிவு சரிதான், நீக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ இனி மரத்தில் எழுதும்போது எப்படி எழுத வேண்டும் என்று அத்தையே நேற்று சொன்னாள், அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். கடிதத்துக்குத் தாள் வாங்கப் போக நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்று, “பிள்ளைக்கு எழுதுறியா. எனக்கு ரெண்டு தம்பின்னு எழுதச் சொல்லு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் வாயால் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஆகவே முதலில் அத்தை, அடுத்து அவன், அதற்கடுத்து நான். ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறதே என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் கேட்கட்டும், தப்பு இல்லை என்று பேரன் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது முதலில் அத்தையிடம் பேசு. ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம். அவனைப் பற்றி அவளாக ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள், நேரமானாலும் போனை வைத்துவிடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் மூவரின் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா, உன் அத்தையின் இரண்டாவது தம்பி.