சுவரைப் பார்க்கும் பெயர்

போர்ட் பிளேர்,
12-8-1964

ஜம்புலிங்கம் அண்ணனுக்கு,

உங்கள் நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

மெட்ராஸிலிருந்து நம் கடைக்கு நீங்கள் அனுப்பிய பெயர்ப் பலகை நேற்றுக் கப்பலில் வந்தது. நம் இருவர் பெயரும் போட்ட பழையது உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டதே என்று புதிது அனுப்பியிருக்கிறீர்கள் என நம்பி, துறைமுகத்திலிருந்து நானே தோளில் சுமந்து வந்தேன். கடை வாசலில் எல்லோர் முன்னாலும் சாக்கைப் பிரித்தால், உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

முதன்முதலாக இந்தத் தீவுக்கு நாம் வந்த கப்பலில் நான் வாந்தியெடுத்துக் கிடந்தபோது, "கடைன்னு போட்டா ரெண்டு பேரும் சேர்ந்துதாம்ப்பா" என்றீர்கள். பத்திரமா எழுதினோம்? அந்த ஒரு வார்த்தையில்தான் பதினோரு வருடம் ஓடியது. பிரிவதற்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாயில்லையா?

பலகையை மாட்டிவிட்டேன், உங்கள் பெயர் சுவரைப் பார்க்க. நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நானே திருப்பி மாட்டுகிறேன்.

அதுவரை,
உங்கள் கூட்டாளி