மீசை வைத்த ஆடு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே அப்பா காதைத் தீட்டிக்கொள்கிறார். பக்கவாதம் பேச்சைத்தான் பறித்ததே தவிர, புரிந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை. அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் முழுதும் படி.

அப்பாவுக்குப் பழைய கைத்தடி இருக்குமா என்று பரணில் ஏறினேன். எதிர்வீட்டுத் தையல்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல இது தேவையாக்கா?" என்று புலம்பினார். கைத்தடி இல்லை; உங்கள் இரண்டு பேருடைய தகரப் பெட்டி இருந்தது. உன் அண்ணன் அடுக்கி விளையாடிய மரக்கட்டைகள், ஒரு பக்கம் பிடி இல்லாத ஸ்கிப்பிங் கயிறு, உன் மஞ்சள் மழைக்கோட்டு. கோட்டை முகத்தில் வைத்துப் பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது. அந்தச் சின்னக் கைக்குள் என் விரல்கள்தான் நுழைந்தன. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து, "அக்கா, இருக்கீங்களா?" என்று தையல்காரர் கத்தினார்.

பெட்டியின் அடியில் உன் படப் புத்தகம். மூன்று வயது வரைக்கும் நீ வாய் திறக்கவில்லை. அப்பா கண்டக்டர் வேலை முடிந்து வந்ததும், தோல் பையைக்கூடக் கழற்றாமல் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "அணில் எல்லாம் எறங்கு, அடுத்தது ஆடு!" என்று கத்துவார். தெருவுக்கே கேட்கும்.

அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டினேன். "பிள்ளைங்க புத்தகம்னு யோசிக்காதீங்கம்மா, அவருக்குப் பழகின பொருளா இருந்தா நல்லதுதான்" என்றாள். ஆனால் அப்பா இடது கையால் ஒரு தட்டு தட்டினார். புத்தகம் கட்டிலடியில் போய் விழுந்தது. நான் என்ன குழந்தையா என்று அவர் கண் கேட்டது. எடுத்து வைத்தேன். மறுபடி தள்ளினார். மறுபடி எடுத்தேன். "எத்தனை தடவை வேணா தள்ளுங்க, எனக்கு வேற வேலை இல்ல" என்றேன். தினமும் இந்தக் கூத்துதான்.

வியாழக்கிழமை ஆடு பக்கம் வந்தது. அந்த ஆட்டுக்கு நீ கறுப்பு மையில் பெரிய மீசை போட்டிருக்கிறாய். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு சிரித்தார். இது என்னங்க என்றேன். "மீ..." என்றார். நான் மூச்சுவிடவில்லை. "மீசை."

ஆடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் மீசை! நான் போட்ட சத்தத்தில் தையல்காரர் பாதி தைத்த சட்டையோடு ஓடி வந்துவிட்டார்.

இப்போது தண்ணி, போதும், ஃபேன் எல்லாம் சொல்கிறார். கோபம் வந்தால் "போடி" மட்டும் தெளிவாக வருகிறது. வலது கையால் மரக்கட்டை அடுக்கப் பார்க்கிறார். சரிந்து விழுகிறது, நான் பொறுக்கிக் கொடுக்கிறேன். முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற வரைக்கும் வரட்டும். நான் விடுவதாக இல்லை.

நீ வேலையை விட்டால் தன்னால்தான் என்று அவர் மறுபடி வாயை மூடிக்கொள்வார். லீவு கிடைக்கும்போது வா, பக்கத்தில் உட்கார், அது போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அவரிடம் கொடுப்பேன். உன்னிடம் சொல்ல ஒன்று வைத்திருக்கிறார். நான் துணி துவைக்கப் போனதும் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறார். அது என்ன என்று எழுத மாட்டேன். வார்த்தை தடுக்கும், நேரமாகும். பாவம் என்று நீ எடுத்துக் கொடுக்காதே. "சரிப்பா, வச்சிடவா?" என்று கேட்டுவிடாதே. அழுகை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு அழு. அவர் சொல்லி முடிக்கும்வரை லைனில் இரு, கண்ணு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய்.

உன் அம்மா