ஒற்றைச் செருப்பும் ரப்பர் வளையமும்

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முன்பே சொன்னவன். நீர் எனக்கு முன்னால் போய்ச் சேருவீர் என்று சொன்னேன். நீர் போய் ஒரு மாதம் ஆவதற்குள் என் குசினிப் பைப் சொட்டத் தொடங்கும் என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் திருத்த ஆள் கிடைக்காது என்றும் சொன்னேன். மூன்றும் பலித்துவிட்டன. பைப் திருத்துகிற பாஸுக்கு ஃபோன் அடித்தால் சிங்களத்தில் "ஹெட்ட, ஹெட்ட" என்கிறான். அவனுடைய நாளை மூன்று நாளாகியும் வெள்ளவத்தைக்கு வந்து சேரவில்லை. இவ்வளவு துல்லியமாக வருங்காலம் சொல்லக்கூடிய ஒருவன் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் சும்மா இருக்கிறானே என்று நினைக்க எனக்கே கவலையாக இருக்கிறது.

வேறு வழியில்லாமல் இன்று காலை உம்முடைய பிஸ்கட் பேணியைத் திறந்தேன். உம்முடைய எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த அன்று உம்முடைய மகள் வதனி என் கையில் தந்த பேணி. மூடியைத் தூக்கியதும் உடுப்புச் சவர்க்காரத்தின் மணம் வந்தது. ஒரு ஸ்பனர். பெரிதிலிருந்து சிறிதாக நூலில் கோத்த ரப்பர் வாசர்கள். தேய்ந்த பல் பிரஷ் ஒன்று. காய்ந்த சவர்க்காரத் துண்டு. அடியில் உம்முடைய கொப்பி. நான் பேணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன் என்று என் மனைவி பூமணி மாடி மாடியாகச் சொல்லித் திரிகிறாள். அது சவர்க்காரம் கண்ணில் பட்டது.

உமக்கு நினைவிருக்கும், இந்தப் பேணிக்கு முன்னால் உம்முடைய கையில் என்ன இருந்தது என்று. ஒன்றும் இல்லை. அரசாங்கத் திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். உம்முடைய கையெழுத்து இல்லாமல் ஒரு கோப்பு நகராது. ஆனால் உம்முடைய மனைவி இறந்து, வந்த சொந்தமெல்லாம் திரும்பிப் போன பிறகு, ஒரு சேர்ட்டையும் ஒரு பொத்தானையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேல் மாடியிலிருந்து இறங்கி என் கதவடியில் வந்து நின்றீர்.

"காணும், இதை எப்பிடித் தைக்கிறது?"

"இதென்ன பெரிய வேலை? கொண்டாரும் இஞ்சை."

ஊசியில் நூல் கோக்க எனக்கு அரை மணித்தியாலம் போனது. அது ஊசியின் பிழை. குசினியிலிருந்து பூமணி சொன்னாள்: "இவருக்குத் தைக்கத் தெரிஞ்சிருந்தா முதல்லை தன்ரை வாயை எல்லோ தைச்சிருப்பார்." மனைவி போன பிறகு நீர் முதன்முதலாகச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது உண்மை. ஆனால் கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடையில் முப்பத்திரண்டு வருடம் நின்றவன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆணியைத் தடவி அது எத்தனை அங்குலம் என்று சொல்லுவேன். கப்பலில் வந்த ஒரு ஜப்பான்காரப் பொறியியலாளர் என் திறமையைப் பார்த்துத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வியர்த்திருக்கும் என்று நீர் சொல்லுவீர். சொல்லும். எல்லா வாசரையும், எல்லா முழங்கைக் குழாயையும் பெயர் சொல்லி விற்றிருக்கிறேன். ஒன்றையும் என் கையால் பூட்டியதில்லை. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடித்தவர் நீர் ஒருவர்தான். கண்டுபிடித்த அன்றிலிருந்து என்னை "எஞ்சினியர்" என்று கூப்பிட்டீர்.

சனிக்கிழமை காலைகளில் நம்முடைய வகுப்பு நடந்தது. நான் கதிரையில் இருந்து விளக்குவேன். நீர் நிலத்தில் இருந்து செய்வீர். செய்து முடித்ததும் கொப்பியில் அலுவலகக் கடிதம் போல எழுதுவீர். "மேற்படி அரிசி இருமுறை கழுவப்பட வேண்டும்." "மெயின் வால்வு பூட்டப்பட்டதை உறுதிப்படுத்திய பின்னரே பைப்பைக் கழற்றுக." முதல் நாள் நீர் காய்ச்சிய சோற்றைப் பசையாக எடுத்து அல்பத்தில் படம் ஒட்டியிருக்கலாம். முதலில் தைத்த பொத்தானோடு பொக்கற்றின் வாயும் சேர்ந்து தைபட்டுப் போனது. உமக்கு வெட்கம் வரவில்லை. "தெரியாது எண்டு சொல்ல ஒரு செக்கன்தான் வெக்கம், காணும். அதுக்குப் பிறகு சாகுமட்டும் சோறு," என்றீர். நான் அந்த ஒரு செக்கனை எழுபது வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தவன். ஆகவே பேச்சை மாற்றினேன்.

ஆறு மாதத்தில் உமக்கு ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்ட் நின்றால் எந்த அறையில் பிழை என்று தேடத் தெரிந்தது. அடைத்த சிங்கைத் திறக்கத் தெரிந்தது. சேர்ட் கழுத்துப்பட்டியைச் சுருக்கமில்லாமல் அயன் பண்ணத் தெரிந்தது. கத்தி தீட்டவும், தீட்டிய கத்தியால் வெட்டுப்பட்டால் கட்டுப்போடவும் தெரிந்தது. இரண்டையும் ஒரே நாளில்தான் பழகினீர்.

அந்த நேரம்தான் வதனி ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கினாள். திரும்பிப் போக இரண்டு பிளேன் ரிக்கற். ஒன்று அவளுக்கு, ஒன்று உமக்கு.

"அப்பா, இனி இஞ்சை தனிய இருக்க ஏலாது. ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும் பிள்ளை."

"எப்ப இருந்து?"

"சனிக்கிழமைகளிலை இருந்து."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மீசையைத் தடவினேன்.

அவள் கெட்ட பிள்ளை அல்ல. தாயை இழந்த பயம் அவளுக்கு. ஆனால் உமக்கு அந்த வீடு வேண்டும். மனைவி பல்கனியில் வைத்த கறிவேப்பிலைச் சாடி வேண்டும், பின்னேரம் கடலோரமாகப் போகும் ரயிலின் சத்தம் வேண்டும். "அங்கை போனா என்னைக் கவனமா வைச்சிருப்பினம், காணும். நான் என்ன, வைச்சிருக்கிற சாமானோ?" என்று என்னிடம் கேட்டீர். கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. ஒரு கிழமைக்கு வதனி ஒன்றையும் தொடமாட்டாள். நீர் சமாளித்தால் இரண்டாவது ரிக்கற்றைத் திருப்பிக் கொடுப்பாள். சமாளிக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நாலு நாள் குறையில்லாமல் போனது. ஐந்தாம் நாள் காலை பத்து மணியிருக்கும். வதனி சந்தைக்குப் போயிருந்தாள். நீர் என் வீட்டுக் குசினியில் இருந்தீர். பூமணியின் குழம்பு பாதி கொதியில் நிற்கக் காஸ் முடிந்தது. புதுச் சிலிண்டர் மூலையில் இருந்தது. வழமையாகக் கொண்டுவருகிற ஆளே பூட்டிவிட்டுப் போவான். அன்று நான் எழுந்தேன்.

"இண்டைக்கு நான் செய்து காட்டுறன், பாரும்."

"பூட்டினாப் பிறகு சவர்க்காரத் தண்ணி பூசிப் பாக்கவேணும். குமிழி வந்தா லீக்," என்றீர்.

"எனக்கோ பாடம்? முப்பத்திரண்டு வருசம் ஹாட்வெயார். கை பட்டாலே தெரியும்."

பூட்டினேன். சிலிண்டரின் வாய்க்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் வெடித்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ரெகுலேற்றரைத் திறந்ததும் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். மணம் மூக்கில் அடித்தது. பூமணி, "மணம் வெளியிலை போகட்டும், ஃபானைப் போடுறன்," என்று சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். அந்தச் சுவிட்சில் ஒரு பொறி பறந்தால் போதும்.

அதற்குப் பிறகு நடந்ததை வெள்ளவத்தை அறியும். "தொடாதை!" என்று நான் போட்ட சத்தம் தெஹிவளை ஸ்டேசன் வரைக்கும் கேட்டது. ஒரே பாய்ச்சல். ரெகுலேற்றரைப் பூட்டி, கழற்றி, சிலிண்டரின் வாய்க்கு மூடியைப் போட்டேன். யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தேன். நிறைந்த சிலிண்டரைக் கைப்பிள்ளை மாதிரித் தூக்கிப் பல்கனியில் வைத்தேன். அந்தப் பாய்ச்சலில் ஒரு கால் செருப்பு கழன்று பறந்ததே எனக்குத் தெரியாது. இந்தக் கதையை நான் தெஹிவளையில் ஒரு கலியாண வீட்டில் சொன்னபோது சோற்றுக் கையோடு எழுந்து நின்று கேட்டார்கள்.

வதனி சந்தைப் பையோடு ஏறி வந்தபோது படியெல்லாம் சனம். அவளுடைய மற்றக் கையில் என் செருப்பு.

"அங்கிள், இது உங்கடை எல்லோ? கீழை முதலாம் மாடியிலை கிடந்தது."

"பாய்ஞ்ச வேகம், பிள்ளை," என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போனது. உம்மைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் அப்ப என்ன செய்தனீங்கள்?"

நீர் என்னைப் பார்த்தீர். நான் பல்கனியைப் பார்த்தேன்.

"நான் என்ன செய்யிறது, பிள்ளை? எஞ்சினியர் நிண்டபடியாத் தப்பினம்," என்றீர்.

உம்முடைய பெட்டி கட்டுப்படப் போகிறது என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த நாள் காலை வதனி இறங்கி வந்தாள். "அப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. ஆனா நீங்கள் கீழை இருக்கிறீங்கள். அந்த ஒரு நம்பிக்கையிலைதான் விட்டிட்டுப் போறன், அங்கிள்." நான் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். ஒரு ரிக்கற் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

பிறகு நாலு வருடம். நான் உம்மைப் பார்த்துக்கொண்ட விதத்தை ஊர் சொல்லும். மாதத்தில் ஒரு முறை நீர் பேணியோடு இறங்கி வந்து என் வீட்டுப் பைப்புகளைப் பார்ப்பீர். நான் மேற்பார்வை செய்வேன். கடற்காற்றில் எங்கள் யன்னல் கொளுக்கிகள் துருப்பிடித்தபோது நீர் எண்ணெய் விட்டீர். நான் எந்த எண்ணெய் என்று சொன்னேன். பூமணிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தபோது இருபது நாள் நம் மூன்று பேருக்கும் நீர் சமைத்தீர். நான் உப்புப் பார்த்தேன். புதுச் சிலிண்டர் வரும் நாளெல்லாம் அந்தப் பிரஷைச் சவர்க்காரத் தண்ணியில் தோய்த்துக்கொண்டு வந்து நிற்பீர். ஒரு நாளாவது பழைய கதையை எடுத்ததில்லை.

உம்மைக் கடைசியாகக் கண்டது ஒரு மத்தியானம். கதவு திறந்திருந்தது. சாய்மனைக் கதிரையில் நித்திரை மாதிரி இருந்தீர். குசினிக்குள் போனேன். சோறு காய்ச்சிய சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. காஸ் பூட்டியிருந்தது. உம்முடைய வீட்டில், உம்முடைய சோற்றைத் தின்றுவிட்டு, ஒருவருக்கும் ஒரு வேலையும் மிச்சம் வைக்காமல் போயிருந்தீர்.

பொரளை மயானத்தில் எல்லாம் முடிந்த பிறகு வதனி என் இரண்டு கையையும் பிடித்தாள். "அப்பா பாவம், அங்கிள். ஒண்டும் தெரியாத மனிசன். நீங்கள் இல்லாட்டி இந்த நாலு வருசமும் அவருக்கு இல்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள் எழுதவேணும். அந்தக் காஸ் கதையைக் கட்டாயம் எழுதுங்கோ." அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பூமணி வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள். "நான் நாலு வருசமா வாயைத் தைச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் எப்ப பிரிக்கிறியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

எழுதுவதற்கு முன்னால் பைப்பைப் பார்ப்போம் என்றுதான் இன்று கொப்பியைத் திறந்தேன். உம்முடைய ஐந்து வரி. வரிக்கு வரி விரலை வைத்துச் செய்தேன். மூன்றாம் வரியில், "அவசரப்பட வேண்டாம். எஞ்சினியர் அவசரப்படுவார்," என்று இருந்தது. ஒன்றரை மணித்தியாலமும் இடுப்பில் நனைந்த ஒரு சாரமும் போனபின் சொட்டு நின்றது. எழுபத்துமூன்று வயதில் என் கையால் பூட்டிய முதல் வாசர். பூமணி வந்து பைப்பின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். காய்ந்த விரலை எனக்குக் காட்டிவிட்டுப் போனாள். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது.

பிறகு பக்கத்தைப் புரட்டினேன். காஸ். யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது, யன்னலைத் திறக்க வேண்டும், பூட்ட வேண்டும், கழற்ற வேண்டும், மூடி போட வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. அடியில், அழகான எழுதுவினைஞர் எழுத்தில், "மேற்படி முறையில் இரண்டாம் மாடியில் கசிவு நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்: எஞ்சினியர்." கீழே உம்முடைய ஒப்பம்.

வதனி என்றாவது கொப்பியைப் பார்ப்பாள் என்று எனக்காக எழுதி வைத்திருக்கிறீர். காஸ் கசிந்த அடுத்த நாள் படியில் நீர் என்னிடம் சொன்னதுதான்: "எனக்கு வீடு கிடைச்சுது, உமக்குப் பேர் கிடைச்சுது. விடும், காணும்." கோப்பு முடிந்துவிட்டது. உம்முடைய ஒப்பத்தோடு நான் சாகும்வரை வீரனாக இருக்கலாம். ஆனால் அந்தக் கொப்பியில் உள்ள எல்லாம் செய்து பார்த்து எழுதியவை. அந்த ஒரு வரியைத் தவிர. உம்முடைய மகள் உம்மை ஒன்றும் தெரியாத மனிதர் என்று அச்சடித்து ஊருக்குக் கொடுக்கப் போகிறாள். ஜப்பான்காரரின் தொப்பியை நான் விடமாட்டேன், அது இருக்கட்டும். இதை மட்டும் வைத்திருக்க முடியவில்லை.

ஆகவே வதனி, இதை அச்சுக்குக் கொடுக்கும்போது இந்தப் பகுதியை வெட்டாதே. "தொடாதேங்கோ!" என்று கத்தியது உன் அப்பா. என் மனைவியின் கையைத் தட்டிவிட்டது உன் அப்பா. காஸைப் பூட்டி, மூடி போட்டு, சிலிண்டரைத் தூக்கிப் பல்கனியில் வைத்ததும் உன் அப்பாதான். செருப்பு பறக்கவில்லை, பிள்ளை. அந்தச் சீறலைக் கேட்டதும் பூமணியைக் குசினியில் விட்டுவிட்டு நான் படியிறங்கி ஓடினேன்.