தூணோர இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

ரோகிணி எழுதுவது. நீயும் மச்சானும் திருப்பூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கப்பொண்ணு உன்னைத் தேடி அழவில்லை. போனில் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மச்சான் அவளை இங்கே விட்டுப் போகும்போது, “நீதான் காலேசு படிச்சவ, ரெண்டு பள்ளிக்கூடத்தையும் பாத்து எதுன்னு சொல்லு” என்றார். பார்த்துவிட்டேன்.

மேட்டுப்பட்டியில் புதுக் கட்டடம். பெரிய டிவி வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் பிள்ளைகள் நாலுவழிச் சாலையைக் கடக்க வேண்டும். லாரிக்காரர்கள் யாரும் வேகத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

நம்மூர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் இரண்டே டீச்சர். இருந்தும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் வாசிக்கிறது. மேட்டுப்பட்டியில் ஐந்தாம் வகுப்பே திணறியது. உன் மூத்தவள் பேச்சி படித்த இடம் என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இதுதான் நல்ல பள்ளி.

ஒதுக்கத்தான் முடியவில்லை அக்கா.

மதியம் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தூணோரம் மட்டும் ஒரு ஆள் இடம் விட்டிருந்தார்கள். கேட்டதற்கு ஒரு சிறுமி, “அது பேச்சியக்கா இடம்” என்றாள். யார் அந்த அக்கா என்றால் தெரியாதாம். பேச்சியோடு படித்தவர்கள் எல்லோரும் பெரிய பள்ளிக்குப் போய்விட்டார்களே.

சமைக்கும் ராமக்காள்தான் சொன்னாள். “காய்ச்சல்ல அது போனப்ப இருந்த டீச்சர், பதினாறு கழியிற வரைக்கும் அங்க யாரும் உக்காராதீகன்னாக. அப்பறம் உக்காரச் சொல்ல மறந்துட்டு மாறுதல்ல போயிட்டாக. பெருசுக சிறுசுகளுக்குச் சொல்லிச் சொல்லி ஆறு வருசமாச்சு. நான் சொல்லலாம், வாய் வரல தாயி” என்றாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே தங்கப்பொண்ணு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்துவிட்டாள். எழுப்புவார்கள் என்று நினைத்தேன். யாரும் எழுப்பவில்லை. பக்கத்துப் பிள்ளை அவள் தட்டைச் சரியாக நகர்த்தி வைத்தது, தினமும் வைப்பதுபோல. ராமக்காள் வந்து அவள் தட்டிலும் ஒரு முட்டை வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் தங்கப்பொண்ணு, “சித்தி, அங்க தர சூடா இருந்துச்சு. யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போனாப்ல” என்றாள். அந்தத் தூணோரம் வெயில் விழாது, உனக்கே தெரியும். அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

எது நல்ல பள்ளி என்று எழுதிவிட்டேன். எதில் சேர்ப்பது என்று சொல்ல என்னால் ஆகவில்லை. பேச்சி போனதும் ஊரைவிட்டுப் போன நீ இன்னும் திரும்பி வரவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் ஒரு நடை வா அக்கா. அந்தத் தூணோரம் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடு. பதினாறு முடிந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் தங்கை,
ரோகிணி