மீனால் போகவில்லை, நைனா

நைனா,

இன்று காலை பக்கத்து வீட்டு மேரி அக்கா வாசலில் நின்று கைகளில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரில் நான் படித்த அதே பள்ளியில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி ஒதுக்கும் இடம் குலுக்கலில் அவள் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. மகளைச் சேர்க்கப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் நீ வந்து நின்றாய்.

குலுக்கலில் என் பெயர் வந்த அன்று நீ ஹாலிலேயே விசில் அடித்தாய். வாட்ச்மேன் ஓடி வந்தார். நம் குப்பத்தில் வலை இழுக்க ஒரு கை கொடுத்தவரைக்கூடக் குழம்புக்கு மீன் கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். பள்ளியில் இடமே கொடுத்தவரைச் சும்மா விடுவாயா? மறுநாள் படகில் வந்ததிலேயே பெரிய வஞ்சிரத்தைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் மேஜைமேல் வைத்தாய். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ, நாங்கல்லாம் இதைத் தொடவே மாட்டோம்பா. முதல்ல எடுத்துண்டு போங்கோ."

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாய். "ஆசையா எட்த்தாந்தேன். தப்பாப் பூட்ச்சு கண்ணு" என்றாய். அதன்பிறகு பள்ளிக்கு வரும்போதெல்லாம் எலுமிச்சைதான். விரலிடுக்கு, நகக்கண் எதையும் விடமாட்டாய். வலை அறுத்த காயம் எரிந்தாலும் தேய்ப்பாய்.

வகுப்பில் எனக்கு 'வஞ்சிரம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "எட்டாவது வரைக்கும்தான்பா கவர்மென்ட் ஃபீஸ் தரும். இனிமே நீங்கதான் கட்டணும்" என்றார் தலைமையாசிரியை. அது உன்னால் ஆகாது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நீ சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "மேடம், அந்த மீனு மேட்டர மன்சுல வச்சிக்காதீங்க" என்றாய்.

அவருக்கு எந்த மீன் என்றே நினைவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நான் மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். உனக்குத்தான் ஆறவில்லை. குடித்துவிட்டு வந்தால், "நான்தான் ஒன் சீட்ட கெட்த்துட்டேன்" என்று அழுவாய். என்னோடு குலுக்கலில் சேர்ந்த எல்லோரையும்தான் அனுப்பினார்கள், சட்டமே அப்படி என்று சொல்லிச் சொல்லி அலுத்தேன். "என்னிய சமாதானம் பண்றே" என்பாய். நம்பாமலேயே ஒரு நாள் நெஞ்சுவலியில் போய்விட்டாய்.

மேரி அக்கா கேட்டாள்: "பெரிய மிஸ்ஸுக்கு மீனு எட்த்துக்கினு போவவா?"

"வேணாக்கா, அவங்க சாப்ட மாட்டாங்க. இன்னொண்ணு, இந்த சீட்டு எட்டாவதோட முடிஞ்சிரும். இப்பவே தெரிஞ்சிக்கோ."

அவள் கை நின்றுவிட்டது. "அப்பால இன்னா பண்றது?"

"தெரியலக்கா."

உன்னிடம் சொல்லித் தோற்றதை அவளிடம் சொன்னேன். "அன்னிக்கு பாப்பாவ வெளிய அனுப்புனா, அது ஒன்னால இல்ல. ஒன் மீனால இல்ல. ஒன் கை நாத்தத்தால இல்ல. அத மட்டும் மறந்துடாத."

அவள் தலையாட்டினாள். பிறகு அந்தத் தோலை எடுத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள், நைனா.