கெடா துலுக்கவில்லை

மே 8, வெள்ளி

காலையிலேயே அனல். சேலம் டாக்டரிடம் மூன்றாவது தடவை. பஸ்ஸில் ஒருமுறை குப்பென்று வியர்த்தது. இறங்கி ஓடவில்லை, அதுவரை லாபம்.

டாக்டர் சொன்னது, மறப்பதற்குள்: மூளையில் பயத்தைக் கிளப்பும் இடம் முந்திக்கொள்கிறதாம். யோசிக்கும் இடம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. மாடிப்படி ஏறி நெஞ்சு படபடத்தாலும் சாகப்போகிறோம் என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. "இதயத்துல ஒண்ணுமில்லைங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க."

ஒன்றுமில்லாததற்கு ஐந்து மாதமாக போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டாமல் வீட்டோடு கிடக்கிறேன்.

மே 10, ஞாயிறு

குழாயில் தண்ணீர் இல்லை. ஊருக்கெல்லாம் போர் போட்டவன் வீடு.

மேனேஜர் போன். "வெள்ளிக்கெழமை வண்டி ஒடிசா போவுதுங்க. வாரீங்களா, வேற ஆளப் பாக்கட்டுங்களா?" சொல்கிறேன் என்றேன்.

எனக்காக அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட மேச்சேரி ஆட்டுக் கெடா, புதன்கிழமை வெட்டு. "ஆத்தா ஏத்துக்கிட்டா நோவு போச்சுன்னு அர்த்தஞ்சாமி. அப்பறம் மாத்திரை எதுக்கு? தூக்கிப் போட்டுட்டு வண்டியேறு." வாதாடத் தெம்பில்லை. கெடா என் லுங்கியை மென்றுகொண்டிருந்தது.

மே 13, புதன்

கோயிலில் நல்ல கூட்டம். கெடா தலையில் மஞ்சள் தண்ணீர். அது உடம்பை உதறித் துலுக்கினால்தான் சாமி உத்தரவு. துலுக்காமல் வெட்டக் கூடாது. எனக்கான வேண்டுதல், அதனால் கழுத்தைப் பிடித்திருந்தது நான்.

ஒரு சொம்பு. இரண்டு. மூன்று. அது பாட்டுக்கு அசைபோட்டது. "உத்தரவு குடு தாயி" என்று கூட்டம். எல்லாக் கண்ணும் எங்கள் மேல். நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. நாக்கு ஒட்டியது. கை வெடவெட. என் கை நடுங்கியதில் அதன் தலை ஆடி, தண்ணீர் தெறித்தது.

"துலுக்கிருச்சு!" பூசாரி. குலவை. அரிவாள்.

பயப்படக் காரணம் இருந்தது கெடாவுக்குத்தான். அது பயப்படவில்லை. கறிச்சோறு இறங்கவில்லை.

மே 14, வியாழன்

தூறல். உடம்பு அடித்துப்போட்டது போல. மாத்திரையை அம்மா குப்பையில் போட்டுவிட்டாள். நான் வருவதாக மேனேஜருக்கும் அவளே சொல்லியாயிற்று.

உண்மையைச் சொன்னால் அம்மா ஒடிந்துபோவாள். சொல்லாவிட்டால் நாளை மலைப்பாதையில் ஸ்டியரிங் என் கையில், வண்டியில் எட்டுப் பேர்.

மத்தியானம் சோறு போடும்போது சொன்னேன். "கெடா துலுக்கலீங்கம்மா. நடுங்குனது என்ற கையி."

கரண்டியோடு நின்றாள். "பாத்தஞ்சாமி. ஆத்தாதான் உன்ற கையில வந்துட்டாள்னு நெனச்சுக்கிட்டேன்."

பிறகு போனைக் கேட்டு வாங்கினாள். "எம்பையனுக்கு இன்னும் சொகமாகலீங்க. வேற ஆளப் பாத்துக்குங்க." வைத்துவிட்டு அழுதாள். எனக்கு அழக்கூட அலுப்பு. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.